கேபின் ஓட்டை: வாசகர் கேள்வி பதில்

"பார்த்து முடித்த பிறகும் உங்களை விடாத படம் எது, ஏன்?" என்று போன இதழில் கேட்டிருந்தேன். இப்படிக் கேட்டால் பேய்ப் படங்களின் பட்டியல்தான் வரும் என்றார் ஆசிரியர். வந்த கடிதங்களில் பேய் மிகக் குறைவு. எனக்கு அதில் வியப்பில்லை. தேனிப் பக்கம் ஒரு கொட்டகையில் 33 ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவன் நான். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சியைக் கவனிக்கிற நேரம் போக, கேபின் சுவரின் சதுர ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் திரைக்கு முன்னால் தெரியும் தலைகளைத்தான். ஒரே படத்தை நாளுக்கு 3 காட்சி என்று 3 வாரம் ஓட்டுகிறவனுக்குத் திரையில் பார்க்க வேறென்ன மிச்சம் இருக்கும்?

கேள்வி: 'விசாரணை' படத்தைப் போன மாதம்தான் செல்போனில் பார்த்தேன். மூன்று இரவு தூக்கமில்லை. வாசலில் பைக் வந்து நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "படம்தானே, இதற்குப் போயா?" என்கிறார் என் கணவர். எனக்குத்தான் மனத்தில் தெம்பில்லையா ஐயா?
*- வாசகி, தூத்துக்குடி மாவட்டம்*

உங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பேய்ப் படத்துக்குச் சரி. இது, குண்டூருக்குப் பிழைக்கப் போன தமிழ்ப் பிள்ளைகளைப் பிடித்துவைத்து, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிற கதை. 1983இல் அந்த ஊர் லாக்கப்பில் அடி வாங்கி, பின்னாளில் கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்துதான் வெற்றிமாறன் அதை எடுத்தார். அடிபட்டவரே திரும்பி வந்து எழுதியதை 'படம்தானே' என்று எப்படித் தள்ளுவது?

எங்கள் கொட்டகைக்குச் செகண்ட் ஷோ பார்க்க ஒரு தமிழ் வாத்தியார் வருவார். இடைவேளையில் கேபினுக்கு ஏறி வந்து, என் பீடிக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு இலக்கணம் நடத்துவார். (கேபினில் பீடி பிடிக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். எழுதியவன் நான்தான்.) தொல்காப்பியத்தில், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி இருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்பார். பயம் வருகிற வழி நான்கு.

அணங்கு என்பதைப் பேய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போட்டால் போய்விடும். விலங்கு என்று நம் தெருவில் நாயைத் தவிர எதுவும் இல்லை. கள்வனுக்குப் பூட்டு இருக்கிறது, பூட்டை உடைத்தால் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. நான்காவது இறை. நம்மை ஆளுகிறவர். அவரிடம் பயம் என்றால் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது? இந்தப் படம் கைவைப்பது அந்த நான்காவதில். அதனால்தான் விளக்கைப் போட்ட பிறகும் அது எழுந்து போகவில்லை. அதிலும் நீங்கள் தூத்துக்குடி மாவட்டம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் அடிபட்டு அடுத்தடுத்து இறந்ததை நாங்கள் இங்கே பேப்பரில் படித்தோம். உங்கள் பக்கத்தில் அது கடைத்தெருவில் பார்த்துப் பழகிய முகங்களுக்கு நடந்தது. பைக் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதைத் தெம்பில்லாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுவேன்: எல்லோரும் தூங்கிய பிறகு, காதில் மாட்டிக்கொண்டு, தனியாகப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட படத்தைத் தனியாகப் பார்ப்பது, துக்க வீட்டில் ஒற்றை ஆளாக இரவெல்லாம் உட்கார்ந்திருப்பது போல. எங்கள் கேன்டீன்காரர் இடைவேளை வியாபாரத்தை வைத்தே படத்தின் கனத்தைச் சொல்லிவிடுவார். மனதைப் பிசைகிற படம் என்றால் டீ இரண்டு மடங்கு போகும். முறுக்கும் கடலை மிட்டாயும் தட்டிலேயே கிடக்கும். அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஆளிடம் "இப்படியா அடிப்பார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள் பாருங்கள், பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும். உங்களுக்கு அந்த டீ கிடைக்கவில்லை. வீட்டுக்காரரை உட்காரவைத்து, அவரும் படத்தைப் பார்க்கட்டும். பிறகு 'படம்தானே' என்று அவர் சொல்லிப் பார்க்கட்டும்.

வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் கௌரவம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். மனநலத்துக்கென்றே அரசு நடத்தும் டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஒரு பெண்ணைக் கணவன் அடிக்கிற காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின் வரிசையில் சிரித்தார்கள். இவர்களெல்லாம் மனிதர்கள்தானா?
*- கல்லூரி மாணவர், கோவை*

தம்பி, அந்தச் சிரிப்பை மேலே இருந்து பல்லாயிரம் முறை கேட்டவன் சொல்கிறேன். உற்றுக் கேட்டால் அது கொஞ்சம் தாமதமாக வரும். முதலில் கொட்டகை முழுக்க அமைதி. அந்த அமைதியைத் தாங்க முடியாத ஒருவன் 'ஹெஹ்' என்பான். அவனைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர், பிறகு வரிசையே. துக்க வீட்டுப் பந்தலில் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்புவதைப் பார்த்ததில்லையா? வள்ளுவர் இடுக்கண் வருங்கால் நகச் சொன்னது இதை இல்லை என்றாலும், இவர்களும் அரக்கர்கள் இல்லை. பயந்தவர்கள்.

எல்லோரையும் இப்படி மன்னித்துவிடவும் மாட்டேன். எண்பதுகளில் வில்லன் கதாநாயகியை அறைக்குள் மடக்குகிற காட்சி வந்தால் தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். அது பயந்தவன் சிரிப்பு இல்லை. அப்போதெல்லாம் பார்ப்பவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பல வருடம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது: கேமரா வில்லனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு எங்களையும் அங்கேயே நிறுத்தியிருந்தது. அடி வாங்குகிறவர் பக்கம் நின்று காட்டியிருந்தால் விசிலுக்கு வாய் எழுந்திருக்காது. அதனால் ஒரு படம் உலுக்கியது என்று யாராவது சொன்னால், எங்கே நிற்க வைத்து உலுக்கியது என்று கேட்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. உலுக்குவதில் என்ன பெருமை, மேடு பள்ளத்தில் பஸ்ஸும்தான் உலுக்குகிறது.

கேள்வி: படம் பார்த்து ஆண்கள் அழலாமா?
*- வாசகர், திண்டுக்கல்*

காலகாலமாக அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். படம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, "பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்" என்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஓடுகிறவர்களைப் பார்த்ததில்லையா? எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது.

கேள்வி: 'கொட்டுக்காளி' பார்க்க மூன்று டிக்கெட் எடுத்தோம். முடிவே சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் எரிச்சல். ரசிகனை ஏமாற்றுவது கலையா?
*- வாசகர், மதுரை*

உங்கள் கோபம் எனக்குப் பழக்கமானது. படம் சட்டென்று நின்றால் முன் வரிசை முதலில் இழுப்பது என் பரம்பரையைத்தான். ரீலை வெட்டி விற்றுவிட்டேனாம்! முன்பு 'சுபம்', 'வணக்கம்' என்று எழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அந்த எழுத்து ஒரு ரசீது மாதிரி. கணக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

2024 ஆகஸ்ட் 23 அன்று இரண்டு படங்கள் வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. அதில் வாய்விட்டு அழ இடம் இருந்தது; அழுதோம், மூக்கைச் சிந்தினோம், வெளியே வந்தோம். இன்னொன்று பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. வேற்றுச் சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கூட்டமாக ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் அழைத்துப் போகிறார்கள். கூடவே பலிக்கு ஒரு சேவல். பின்னணி இசை கிடையாது. மீனா வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். 'இந்த இடத்தில் அழு' என்று கைகாட்ட ஒரு புல்லாங்குழல்கூட இல்லாமல் நம்மை அந்த ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு, கடைசியில் 'இனி என்ன செய்யலாம்?' என்று நம்மிடமே கேட்டுவிட்டுப் போகிறது. நாம் அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவராக எத்தனை ஆட்டோவில் போயிருக்கிறோம் என்பது நமக்குத்தானே தெரியும்? எரிச்சல் அங்கேயிருந்து வந்ததா, டிக்கெட் காசிலிருந்து வந்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு சொல்லிவிட்டால் மட்டும் நிம்மதி கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1979இல் 'உதிரிப்பூக்கள்' வந்தபோது நான் கேபினில் எடுபிடி. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் எடுத்த படம். அதில் பெண்டாட்டியை வதைக்கிற சுந்தரவடிவேலுவை இரண்டு மணி நேரமாக எங்கள் ஜனம் வாயில் வந்தபடியெல்லாம் திட்டியது. "ஆற்றில் தள்ளுங்கள் இவனை!" என்று ஒரு பெரியவர் கத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் ஊரே கூடி அவனை ஆற்றில் இறங்கவைக்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா? ஒரு கைதட்டல் இல்லை. விளக்கைப் போட்டேன். கத்திய பெரியவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் நண்பன் வீட்டில் ஏதோ ஒரு கொலைப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான். திட்டவா, தட்டிக் கொடுக்கவா?
*- வாசகி, ஈரோடு*

இரண்டும் வேண்டாம். கதையைச் சொல்லச் சொல்லுங்கள். முதலிலிருந்து, விடாமல். சொல்லிக்கொண்டே வருகிறவன் ஓரிடத்தில் நிற்பான், அல்லது வேகமாகத் தாண்டுவான். பயம் உட்கார்ந்திருப்பது அங்கே. பெரும்பாலும் அது நீங்கள் நினைக்கிற ரத்தமாக இருக்காது. என் பேரன் நின்ற இடம், ஒரு குழந்தை கதவைத் தட்டியும் உள்ளே இருந்த அம்மாவுக்குக் கேட்காத காட்சி. "அதெல்லாம் சாயத் தண்ணீர்" என்று அவனிடம் ரத்தத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், முட்டாள் தாத்தா.

அடுத்த முறைக்கு: 'யுஏ' சான்றிதழ் இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அது பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். 'ஏ' படத்துக்கு 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பதைப் போல வாசலில் தடுக்க மாட்டார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்கள். உங்களை உலுக்கிய படம் எது?
*- வாசகர், கும்பகோணம்*

படம் என்று சொல்ல முடியாது. படம் பார்த்த ஒருவர்.

1982இல் வெளியான 'மூன்றாம் பிறை' எங்கள் ஊருக்கு வர ஆறேழு மாதம் ஆயிற்று. 21 நாள் ஓடியது. கொட்டகைக்கு எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் மூன்றாம் நாள் செகண்ட் ஷோவுக்கு வந்து முழுப் படமும் பார்த்தார். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். மேலிருந்து பார்க்கிற எனக்கு முகம் தெரியாது; பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு ஓரத்தில், கொண்டையில் ஒரு கனகாம்பரச் சரம். நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட அந்தப் பெண்ணை வைத்தியரிடம் அழைத்துப் போகிற கட்டம் வந்ததும் கனகாம்பரம் எழுந்து வெளியே போய்விடும். ஒவ்வொரு முறையும் அதே இடம்.

பீடி வாங்கப் போனபோது கேட்டுவிட்டேன். "என்ன அக்கா, கடைசியில் வருகிற கேத்தி ரயில்வே ஸ்டேஷனைப் பார்க்காமலே போய்விடுகிறீர்கள்?"

வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "அவளுக்குக் குணமாவதைப் பார்க்க வேண்டாம் தம்பி. குணமானால் போய்விடுவாள்."

அன்று இரவு அந்தக் கட்டத்தில் ஓட்டை வழியாகக் கொட்டகையைப் பார்த்தேன். அத்தனை பேரும் ஒரு நோயாளிப் பெண்ணுக்குக் குணமாகக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், நானும் சேர்த்து. எத்தனை காட்சி ஓட்டியும் எனக்கு உறைக்காதது, அவர் எழுந்து போனதில்தான் உறைத்தது.

கடைசி நாள் வந்தார். வைத்தியர் கட்டம் வந்தது. எழுந்திருக்கவில்லை. மழை, ஸ்டேஷன், அதுவரை அவளைப் பார்த்துக்கொண்டவன் தன்னை நினைவுபடுத்தத் தலையில் பானையோடு குரங்காட்டம் ஆடுவது, ரயில் போவது எல்லாம் முடிந்தது. ஜனம் கலைந்த பிறகும் கனகாம்பரம் மட்டும் அங்கேயே இருந்தது. ரீலைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை, என்ன தம்பி?"

"இல்லை அக்கா."

"ஆமாம்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார்.

ஏன் அன்றைக்கு மட்டும் உட்கார்ந்திருந்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். இன்றைக்கு என்ன படம் மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். எம்.ஜி.ஆர். படம் என்றேன். "நல்லது" என்று வெற்றிலைக் கட்டுக்குத் தண்ணீர் தெளித்தார்.