சங்கம் கைகாட்டும் வேட்பாளர்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சங்க உறுப்பினர். 2025 தேர்தலுக்கு முன் சங்கத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், கவுன்ட்டி, எங்கள் ஊர்ப் பள்ளி வாரியம் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு பெயர். இவர்களுக்கே வாக்களியுங்கள் என்று வேண்டுகோள். அதில் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு நான் சத்தியமாக வாக்களிக்க மாட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. அட்டை மட்டும் என் சந்தாவில் அச்சாகியிருக்கிறது.

என் அப்பா திருவெறும்பூரில் ஆலைத் தொழிலாளி. அங்கே சங்கம் எந்தக் கட்சி என்று கொடியைப் பார்த்தாலே தெரியும். பிடிக்காதவர் பக்கத்துச் சங்கத்துக்குப் போய்விடலாம். எனக்கு இருப்பது ஒரே சங்கம். சங்கம் சம்பளத்தோடும் விடுப்போடும் நிறுத்திக்கொண்டால் என்ன?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சந்தாவில் அச்சான அட்டை என்ற உங்கள் கோபத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் வால்டர் ஆஸ்போர்ன் என்ற ரயில்வே போர்ட்டர், தன் சந்தாவைத் தொழிற்கட்சிக்குக் கொடுக்கக் கூடாது என்று தன் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார். 1909இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் ஆடிப்போயின. 1913இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது: அரசியலுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம், விரும்பாத உறுப்பினர் விலகிக்கொள்ளலாம். இந்தியாவின் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2025இல் புதிய சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, அதன் 16ஆம் பிரிவின்படி அரசியல் நிதியைத் தனியாகத்தான் வசூலிக்க வேண்டியிருந்தது. கொடுக்க மறுத்தவருக்குச் சங்கத்தின் எந்தச் சலுகையும் குறையக் கூடாது என்றும் அது சொன்னது. உங்கள் அப்பாவின் சங்கத்துக்கும் இதே சட்டம்தான் இருந்தது. அரசியல் நிதிக்கென்று தனி ரசீது கிழித்தது அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர்களுக்குச் சங்கக் கருவூலத்திலிருந்து நேரடியாகப் பணம் கொடுக்க 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் நிரந்தரத் தடை போட்டது. மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள். அரசு ஊழியர் சங்கத்துக்குச் சல்லிக்காசு கட்டாமலே இருக்கலாம் என்று 2018இல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுடையது தனியார் மருத்துவமனை என்றால் 1988இன் பெக் தீர்ப்பு பொருந்தும்: உறுப்பினராக இல்லாதவர், ஒப்பந்தப் பேச்சு போன்ற பணிகளுக்கான பங்கை மட்டும் கட்டினால் போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த உரிமையைப் பெற நீங்கள் உறுப்பினர் பதவியை விட வேண்டும். விட்டால் சங்கத்துக்குள் வாக்கு போய்விடும். அட்டையில் யார் பெயர் வருகிறது என்பதில் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்சப் பிடியும் அதோடு போயிற்று.

சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்கிறீர்கள். சம்பளம் எங்கே தீர்மானமாகிறது? கலிபோர்னியாவில் ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்பதற்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் 1999இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் மாநிலத்தில் அதுபோன்ற மசோதா பல ஆண்டுகளாக வருவதும் கிடப்பில் கிடப்பதுமாக இருக்கிறது. எத்தனை பேச்சுவார்த்தை நடத்தினாலும் உங்கள் நிர்வாகத்தால் அந்தச் சட்டத்தைக் கொடுக்க முடியாது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு நிலைமை இன்னும் விசித்திரமானது. பள்ளி வாரியத்துக்கு அவர் போடும் வாக்கு, நாளை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஊதியத்தைப் பேசப்போகிற முதலாளிக்குப் போடும் வாக்கு. இது அநியாயம் என்று வரி கட்டுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், முதலாளி யார் என்பதைத் தேர்தல் முடிவு செய்கிற இடத்தில் தொழிலாளியை மட்டும் வாய்மூடி நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சங்கம் ஆதரவு அறிவிப்பதில் எனக்குக் குறையில்லை. அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் குறை. அதற்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

ஸ்டீவ் ஸ்வீனி. இரும்புக் கட்டுமானத் தொழிலாளி, அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர், ஜனநாயகக் கட்சிக்காரர், 2010 முதல் மாநில செனட்டின் தலைவர். சங்கக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், இனி என்ன கவலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2011இல் குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியோடு கைகோத்து, அரசு ஊழியரும் ஆசிரியரும் ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் கூடுதலாகப் பணம் கட்ட வைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். கட்டடத் தொழில் சங்கங்கள் அவரோடு நின்றன, ஆசிரியர் சங்கம் பகையானது. உழைக்கும் வர்க்கம் ஒன்றே என்று மேடையில் பேசுகிறோம். அரசுப் பணத்தில் பாலம் கட்டினால் வேலை கிடைக்கிறவரும், அதே பணத்திலிருந்து ஓய்வூதியம் வரவேண்டியவரும் பட்ஜெட் நாளில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

2016இல் விவகாரம் முற்றியது. ஓய்வூதிய நிதிக்கு அரசு தவறாமல் பணம் செலுத்த வேண்டும் என்ற அரசியலமைப்புத் திருத்தத்தை ஸ்வீனி வாக்கெடுப்புக்கு விடாமல் நிறுத்திவைத்தார். விடாவிட்டால் தேர்தல் நன்கொடை கிடையாது என்று நியூ ஜெர்சி கல்விச் சங்கம் என்ற அந்த ஆசிரியர் சங்கம் சொன்னது. இது லஞ்சப் பேரம், மிரட்டல், விசாரியுங்கள் என்று ஸ்வீனி அரசு வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டார்! உங்களை உறுத்தும் கேள்விக்கு மிக அருகில் வருகிற இடம் இது. 'எங்களுக்கு எதிராகப் போனால் எங்கள் ஆதரவு இல்லை' என்பது ஜனநாயகம். 'இந்த மசோதாவுக்கு இந்தத் தொகை' என்பது வியாபாரம். இரண்டுக்கும் நடுவே இருப்பது நூலிழை, சங்கக்காரர்கள் அதன் மேல் செருப்புக் காலோடு நடக்கிறார்கள்.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் கல்விச் சங்கம் ஸ்வீனியை வீழ்த்தக் கிளம்பியது. சுமார் 50 லட்சம் டாலர் இறைத்தது. டிரம்ப் ஆதரவாளரான ஒரு குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரித்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆசிரியர்களில் பலருக்கு உங்களுக்கு வந்த அதே கோபம் வந்தது. எல்லாத் தரப்பும் சேர்ந்து அந்த ஒரு தொகுதியில் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. ஸ்வீனி சுலபமாக ஜெயித்தார். நாலு ஆண்டு கழித்து 2021இல், சொற்பச் செலவில் போட்டியிட்ட எட்வர்ட் டர் என்ற லாரி ஓட்டுநரிடம் தோற்றார். அத்தனை லட்சத்தால் முடியாததை ஊர்க்காரர்களின் எரிச்சல் செய்து முடித்தது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2025 ஜூனில் ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல். ஆறு வேட்பாளர்கள். கல்விச் சங்கம் இம்முறை வெளியே யாரையும் தேடவில்லை. தன் தலைவர் ஷான் ஸ்பில்லரையே நிறுத்திவிட்டது. சங்கத்தோடு இணைந்த அமைப்புகள் ஏறக்குறைய 4 கோடி டாலர் செலவழித்தன, பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவிலிருந்து வந்த பணம். சங்கத்தின் உறுப்பினர்கள் இரண்டு லட்சம் பேர். ஸ்பில்லர் பத்துச் சதவீதத்தை ஒட்டிய வாக்குகளோடு ஐந்தாவதாக வந்தார். ஆறாவது இடத்தில் யார் தெரியுமா? நம் ஸ்வீனிதான். உங்களுக்கு வந்த அட்டை எனக்கு எரிச்சலூட்டவில்லை, இந்த 4 கோடி ஊட்டுகிறது. வேட்பாளரிடம் கேள்வித்தாள் அனுப்பி, நேர்காணல் நடத்தி, வாக்குறுதி வாங்குவதுதான் சங்கத்தின் வேலை. தன் தலைவரையே நேர்காணல் செய்கிறபோது யார் யாரிடம் என்ன வாக்குறுதி வாங்குவது?

ஆதரவைச் சரியாகக் கையாண்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் லாஸ் வேகாசுக்குப் போக வேண்டும். அங்கே ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்கள், சமையலறைக்காரர்கள் சேர்ந்த கலினரி சங்கம், சுமார் 60,000 பேர். சங்கத்தில் சேராமலே வேலை பார்க்கலாம் என்று சட்டம் சொல்லும் நெவாடாவில் அவர்களாக விரும்பிச் சந்தா கட்டுகிறார்கள். கொரோனா காலத்தில், 2020இல், ஹோட்டல் அறைகளைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதியைச் சட்டத்தில் சேர்க்க வைத்தார்கள். நம் ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தினமும் சுத்தம் செய்யாவிட்டால், விருந்தினர் மூன்று நாள் தங்கிப் போன அறையில் மூன்று நாள் குப்பையும் ஒரே நேரத்தில் கிடக்கும். அறைக்கு ஒதுக்கும் நிமிடங்கள் அதிகமாவதில்லை, மொத்த வேலை நேரமோ குறைந்துவிடும். குனிந்து படுக்கை விரிக்கிற பெண்ணுக்குத்தான் அதன் எடை தெரியும். 2023இல், ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த சட்டமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. குடியரசுக் கட்சி ஆளுநர் ஜோ லொம்பார்டோ கையெழுத்திட்டார். நீக்க வாக்களித்தவர்களுக்கு இனி ஆதரவில்லை என்று சங்கம் தன் சொந்த நண்பர்களைப் பார்த்துச் சொன்னது. வீடு வீடாகக் கதவு தட்ட அந்தச் சங்கம் அனுப்பும் ஆட்களை நம்பித்தான் அவர்களில் பலர் தேர்தலையே சந்திக்கிறார்கள். கொடுக்காமல் இருக்கவும் தெரிந்தவர் கொடுத்தால்தான் அதற்கு விலை.

தமிழ்நாட்டில் நம்மிடம் இல்லாதது இதுதான். திமுகவின் தொழிற்சங்கமான தொ.மு.ச. திமுகவை ஆதரிக்கப் போகிறதா என்று யாராவது காத்திருந்ததுண்டா? உங்கள் அப்பாவுக்குப் பக்கத்துச் சங்கத்துக்குப் போகும் வசதி இருந்தது உண்மை. ஆனால் எந்தச் சங்கத்தின் ஆதரவும் போய்விடுமோ என்று எந்த வேட்பாளரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்குப் பிடிக்காத அந்த ஒருவருக்கு வாக்களிக்காதீர்கள். அட்டை கட்டளை இல்லை, வாக்குச் சீட்டு உங்களுடையது. அவர் பெயரை யார் போட்டது, அவரிடம் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார் என்று மட்டும் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள். வேட்பாளரைச் சலிக்கும் குழு ஒன்று இருக்கும், அதில் ஆள் கிடைக்காமல் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தாலும் ஆச்சரியமில்லை. அதன் கூட்டம் எத்தனை மணிக்கு என்றும் கேட்டு வையுங்கள். இரவுப் பணிக்காரர்கள் தூங்குகிற நேரத்தில் வைத்திருந்தால், வேட்பாளரை விட்டுவிட்டு முதலில் அதற்குச் சண்டை போடுங்கள்.