தென்னாப்பிரிக்காவில் சிங்க இனப்பெருக்க மையத்துக்குக் குடும்பத்தோடு போகலாமா?

குட்டியை மடியில் வைத்து ஒரு போட்டோ, அதற்குத்தானே? நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிகிறது. நான் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்த்தபோது ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது அதைத்தான்.

குட்டியைத் தொட விடும் இடம் என்றால் போகாதீர்கள்.

ஆபீஸில் ஒரு சனிக்கிழமை எங்களை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பெயர் வேண்டாம். வாசலில் 'சிங்கப் பாதுகாப்பு' என்று பெரிய பலகை. உள்ளே குட்டிகளைத் தடவ வரிசை. தாய் எங்கே என்று கேட்டேன். "ஒதுக்கிவிட்டது" என்றார் வழிகாட்டி. பக்கத்துக் கூண்டுக் குட்டிகளின் தாயும் ஒதுக்கிவிட்டதாம்! காட்டில் பெண் சிங்கம் ஏறத்தாழ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஈனும். குட்டியைச் சீக்கிரமே பிரித்துவிட்டால் உடனே மறுபடி சினைக்கு வந்துவிடும். அதுதான் சூட்சுமம்.

வளர்ந்ததும் இவை எங்கே போகும் என்றேன். "காட்டில் விடுவோம்." எந்தக் காட்டில் என்று கேட்டதும் எங்கள் மேனேஜர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஆள் பயமே இல்லாமல் வளர்ந்த சிங்கத்தை எந்தக் காட்டில் விட முடியும்? இந்தத் தொழிலில் வளர்ந்த சிங்கங்கள் பல, வேலிக்குள் வைத்துச் சுட வரும் பணக்காரர்களுக்கு விற்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் எலும்பு, மருந்துக்கு வாங்கும் புலி எலும்புக்குப் பதிலாகத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனது. 2017இல் 800 எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்நாட்டு அரசே அனுமதித்தது. 2021இல், இந்த வளர்ப்புத் தொழிலையே முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்ததும் அதே அரசுதான்.

"எல்லா மையமும் அப்படியா?" என்று கீழே யாராவது சண்டைக்கு வருவீர்கள். இல்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் பெத்லகேம் ஊர்ப் பக்கம் லயன்ஸ்ராக் என்ற சரணாலயம் இருக்கிறது. மிருகக்காட்சிசாலை, சர்க்கஸ் போன்ற இடங்களிலிருந்து மீட்ட சிங்கங்களை வைத்திருக்கிறார்கள். இனப்பெருக்கம் கிடையாது, தொடவும் விடமாட்டார்கள். "நீயும் போனவன்தானே" என்பவர்களுக்கு: டிக்கெட் எடுத்தது கம்பெனி, நான் அந்த வரிசையில் நிற்கவில்லை.

    

சரி, பிள்ளைகளுக்குச் சிங்கம் காட்ட வேண்டுமென்றால் பிலானஸ்பர்க் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து காரில் போய்விடலாம், மலேரியா பயமும் இல்லை. கேட் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள், வெயில் ஏறினால் சிங்கம் புதருக்குள் படுத்துவிடும்.