லினக்ஸில் ஒலி இல்லை. கெர்னலைக் கட்டித் தருகிறேன் என்பவரை நம்பலாமா?

கேள்வி: என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டதிலிருந்து ஒலி வரவில்லை. ஒலி அமைப்புப் பகுதியில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் காட்டுகிறது. கெர்னலை அதன் மூலநிரலிலிருந்து மறுபடி கம்பைல் செய்தால்தான், அதாவது கட்டினால்தான், சரியாகும் என்கிறார், இணையத்தில் அறிமுகமான ஒருவர். ஒலி வேலை செய்யும்படி தயார் செய்த கெர்னல் தன்னிடம் இருப்பதாகவும், பணமும், கணினியின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் கடவுச்சொல்லும் கொடுத்தால் தூரத்திலிருந்தே நிறுவித் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? நானே செய்ய முடியாதா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஒலிக்கு வர வேண்டும்.

கெர்னல் என்பது கணினியில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரல். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், திறக்கும் ஒவ்வொரு கோப்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. அதற்குள் யாராவது ஒன்றை ஒளித்து வைத்தால், மேலே ஓடும் எந்தப் பாதுகாப்பு நிரலும் அதைக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. அந்த மனிதர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அப்போதும் அவர் கொடுக்கும் கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. உங்கள் டிஸ்ட்ரோவிலிருந்து (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பிலிருந்து) புதிய கெர்னல் வந்து இறங்கும். கணினி அடுத்த முறை அதில் எழும்பினால், அவர் செய்த வேலை போய்விடும். மறுபடி அவரையே கூப்பிடுவீர்கள், மறுபடி பணம் கேட்பார். இல்லையென்றால் அப்டேட்டையே நிறுத்திவைக்கச் சொல்வார், அது இன்னும் மோசம். செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட கெர்னலை மட்டும் எழும்பவிடும் பாதுகாப்பை) அணைத்துவிட்டு நான் தரும் கோப்பைப் போடுங்கள் என்று அறிமுகமில்லாத ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பிரச்சினை. ‘டம்மி அவுட்புட்’ என்றால், ஒலியைப் பகிர்ந்து கொடுக்கும் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோவுக்கு ஒலி அட்டை எதுவும் கண்ணில் படவில்லை என்று பொருள். இன்டெல் செயலி உள்ள அண்மைக்கால மடிக்கணினியாக இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஃபர்ம்வேரைத்தான், அதாவது வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு நிரலைத்தான். அவற்றில் பலவற்றில் ஒலியைக் கையாள தனியாக ஒரு சிறு செயலி இருக்கிறது. அதற்குள் ஏற்ற வேண்டிய நிரல்தான் 2018இல் அறிவிக்கப்பட்ட சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக சோஃப். அந்தக் கோப்பு வட்டில் இல்லாவிட்டால், ஒலி அட்டையை இயக்கும் டிரைவர் தொடங்கிப் பார்த்துவிட்டு நின்றுவிடும்.

கவனியுங்கள்: அந்தக் கோப்பு கெர்னல் மூலநிரலுக்குள் இல்லவே இல்லை. கெர்னலுக்குள் ஒரு காலத்தில் இருந்த ஃபர்ம்வேர் அடைவையே 2017இல் 4.14 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். ஆகவே கெர்னலை எத்தனை முறை கட்டினாலும் அந்தக் கோப்பு வந்து சேராது. கம்பைல் செய்தால்தான் ஆகும் என்று சொன்னவருக்கு ஒன்று இது தெரியவில்லை, இல்லை தெரிந்தே சொல்கிறார்.

டெர்மினலில் ரூட் அனுமதியோடு டிமெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுத்து, ‘சோஃப்’ (sof) என்ற சொல் வரும் வரிகளைப் பாருங்கள். ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்று அதுவே வெளிப்படையாகச் சொல்லும். டெபியன், உபுண்டு என்றால் ‘ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்ட்’, ஃபெடோரா என்றால் ‘ஆல்சா-சோஃப்-ஃபர்ம்வேர்’, ஆர்ச் என்றால் ‘சோஃப்-ஃபர்ம்வேர்’ பேக்கேஜை நிறுவி, கணினியை அணைத்துத் திறங்கள். பெரும்பாலும் இதோடு கதை முடிந்துவிடும். ஒரு காசு செலவில்லை.

அட்டை தெரிகிறது, ஒலி மட்டும் வரவில்லை என்றால் டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற ஒலியளவுக் கருவியைத் திறந்து, எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பட்டைக்கு அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறக்கும். ஒலி எச்டிஎம்ஐ பக்கம் போகிறதா என்றும் பாருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால், ஏதாவது ஒரு டிஸ்ட்ரோவின் மிகப் புதிய பதிப்பை யுஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் உங்களுக்குத் தேவை புதிய கெர்னல். அதை டிஸ்ட்ரோவே தருகிறது. உபுண்டுவில் அதன் பெயர் எச்டபிள்யூஇ கெர்னல், டெபியனில் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் கிடைக்கும். இதற்கும் கம்பைல் தேவையில்லை.

அப்படியானால் ஒலிக்காக யாருமே கெர்னலைக் கட்ட வேண்டியதில்லையா? உண்டு. உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஏஎம்டி ரைசன் 6000 வரிசையும் அதற்குப் பின் வந்த சிலவும் உள்ள மடிக்கணினிகளில், ஸ்பீக்கர் நன்றாகப் பாடும், உள்ளே இருக்கும் மைக் மட்டும் செத்துக் கிடக்கும். மைக் இங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்று பயாஸ் (தாய்ப்பலகையில் இருக்கும் தொடக்க நிரல்) ஒரு வார்த்தை சொன்னால் டிரைவர் அதை எடுத்துக்கொள்ளும். பல தயாரிப்பாளர்கள் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. விண்டோஸில் வேலை செய்தால் போதும் என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள். அதனால் கெர்னலுக்குள் ஒரு பட்டியல் வைத்து, மாடல் மாடலாகப் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதிய மாடல் வந்தால், வாங்கியவர் யாராவது மாட்டிக்கொண்டு, தன் மாடல் பெயரைச் சேர்த்து, கம்பைல் செய்து, சரியாகிறது என்று எழுதி அனுப்பினால்தான் அடுத்தவருக்கு விடியும். தயாரிப்பாளரின் பொறியாளர் பத்து நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய வேலை இது. காசு கொடுத்து வாங்கியவர் தலையில் கட்டுகிறார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்தப் பட்டியலை மீற டிரைவரில் வெளியிலிருந்து கொடுக்கும் விருப்பம் எதுவும் கிடையாது. எனவே மூலநிரலில் மாடல் பெயரைச் சேர்த்துக் கட்டியே ஆக வேண்டும். ஸ்பீக்கர் பிரச்சினையில் நிலைமை வேறு. ரியல்டெக் சிப் உள்ள கணினியில் ஹெட்ஃபோன் பாடி ஸ்பீக்கர் பாடாவிட்டால், ஒலி மாட்யூலின் (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டின்) ‘மாடல்’ விருப்பத்தில் இதே போன்ற இன்னொரு கணினியின் அடையாளத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். கட்டாமலே சோதித்துவிடலாம்.

கட்டத்தான் வேண்டும் என்றால் நீங்களே கட்டலாம். மூலநிரல் இலவசம், டெபியனில் டெப் பேக்கேஜாகவே வெளிவரும்படி கட்டவும் வழி இருக்கிறது. பூட் அடைவில் இருக்கும் இப்போதைய கெர்னலின் கான்ஃபிக் கோப்பை (எதையெல்லாம் சேர்த்துக் கட்டுவது என்ற பட்டியலை) எடுத்து, அதிலிருந்தே தொடங்குங்கள்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் விழுகிறார்கள். நேரம் குறையும் என்று ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ வழியைப் பரிந்துரைப்பார்கள். அது, அந்த நிமிடத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடும். ஒலி டிரைவர் ஏறாததுதானே உங்கள் பிரச்சினை? அது ஏறாத நிலையில் இந்த வழியில் போனால், எந்த டிரைவருக்காகக் கட்டுகிறீர்களோ அதையே வெட்டி எறிந்த கெர்னல்தான் கையில் இருக்கும். அப்போது செருகியிராத யுஎஸ்பி ஹெட்செட்டின் டிரைவரும் போயிருக்கும். நேரம் ஆனாலும் பரவாயில்லை, முழு கான்ஃபிக்கோடு கட்டுங்கள். பிழை தேட உதவும் டீபக் தகவலை மட்டும் அணைத்துவிட்டால் வட்டில் இடம் பெருமளவு மிச்சமாகும்.

உபுண்டுவின் கான்ஃபிக்கை வைத்துக் கட்டும்போது சான்றிதழ் கோப்பு இல்லை என்று பிழை வந்து நிற்கலாம். நம்பகச் சாவி (SYSTEM_TRUSTED_KEYS), ரத்துச் சாவி (SYSTEM_REVOCATION_KEYS) என்ற வரிகளை வெற்றாக்கிவிட்டால் தாண்டிவிடும். செக்யூர் பூட் இயங்கினால், நீங்கள் கட்டிய கெர்னலுக்கு உங்கள் சாவியாலேயே கையொப்பம் இட வேண்டும்.

பழைய கெர்னலை மட்டும் நீக்கிவிடாதீர்கள். புதியது எழும்பாவிட்டால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம்.