ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பில் சொல்லித்தர எளிய காகித மேஜிக் எது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள், சார்ட் பேப்பர் கேட்டால் கிடைக்காது. அப்படியென்றால் மோபியஸ் வளையம்தான். பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல், கோந்து போதும்.

செய்தித்தாளை விரித்து நீளவாக்கில் 6 செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றைச் சாதாரண வளையமாக ஒட்டுங்கள். இன்னொன்றில் ஒரு நுனியை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி ஒட்டுங்கள், இதுதான் மோபியஸ் வளையம். சாதா வளையத்தை நடுவே சுற்றி வெட்டினால் இரண்டு வளையம். அப்புறம் முறுக்கியதைக் காட்டி "இது என்ன ஆகும்?" என்று கேளுங்கள். வகுப்பே "ரெண்டு!" என்று கத்தும். வெட்டினால் இரண்டு மடங்கு நீளத்தில் ஒரே வளையம் தொங்கும்.

நான் ஓவிய ஆசிரியை. முதல்முறை இதைச் செய்தபோது நடுவில் கோடு போட்டு வெட்டச் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், ஓரத்தை ஒட்டியே வெட்டிக்கொண்டு போனாள். ஒரு சுற்று வந்தும் கத்தரி தொடங்கிய இடத்தில் சேரவில்லை. எதிர் ஓரத்துப் பக்கம் போய் நின்றது. "டீச்சர், முடியவே மாட்டேங்குது" என்றாள். "நடுவுல வெட்டுன்னு சொன்னேனே, காதுல விழலையா? வேற பட்டை எடு" என்று அதட்டிவிட்டேன். அவள் எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு சுற்று வெட்டினாள். வெட்டு வந்து சேர்ந்தது. தூக்கிக் காட்டினாள்: ஒல்லியாக ஒரு நீள வளையம், அதற்குள் கோத்துக்கொண்டு ஒரு சின்ன வளையம்.

சத்தியமாக நானே அதை அன்றுதான் பார்த்தேன். நடுவை விட்டு விலகி வெட்டினாலே இப்படித்தான் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஓரத்திலிருந்து 2 செ.மீ. விட்டு வெட்டினால் அகலம் ஒரே சீராக இருக்கும். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் "நான் திட்டினது தப்பு" என்று சொல்லி அவளையே செய்துகாட்ட வைத்தேன்.

காரணத்தை வாயால் சொல்லாதீர்கள். விரலை வளையத்தின் ஓரத்தில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். சாதா வளையத்தில் ஒரு ஓரத்தை மட்டுமே தொட முடியும். முறுக்கியதில் இரண்டு சுற்று போய் எல்லா இடத்தையும் தொட்டுவிட்டு விரல் திரும்பி வரும். ஓரமே ஒன்றுதான், அதனால்தான் நடுவே வெட்டியும் இரண்டாகப் பிரியவில்லை என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். 1858இல் ஜெர்மனியில் மோபியஸ், லிஸ்டிங் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்த விஷயம் இது. மேஜிக்காரர்கள் இதையே துணியில் செய்து 'ஆப்கன் வளையங்கள்' என்பார்கள்.

பள்ளியில் மேஜிக் காட்டினால் மூடநம்பிக்கை வளரும் என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள். தன் கையால் ஒட்டி வெட்டிய பிள்ளை, நாளைக்கு ஒருவர் வெறுங்கையில் திருநீறு வரவழைத்தால் எங்கே வைத்திருந்தார் என்றுதான் பார்க்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

என் வருத்தம் வேறு. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது எங்கள் பீரியட்தான். "ஓவியம்தானே, குடுங்க டீச்சர், கணக்கு போர்ஷன் முடியல" என்பார்கள். இதுவும் கணக்குதான் என்று எத்தனை தடவை சொல்வது? மாதம் 5,000 ரூபாய்க்கு 2012இல் சேர்ந்த பகுதிநேர ஆசிரியை நான், வாரத்துக்கு மூன்று அரைநாள்தான் வேலை. அதிலும் ஒன்று போனால் பிள்ளைகள் என் முகத்தையே மறந்துவிடுவார்கள்.

சரி, கைவேலைக்கே திரும்பி வருகிறேன். கோந்தைப் பட்டையின் முழு அகலத்துக்கும் தடவுங்கள். நடுவில் மட்டும் தடவினால் வெட்டும்போது ஒட்டு விட்டுவிடும். தொடங்க, வெட்ட வேண்டிய இடத்தில் லேசாக மடித்து ஒரு சின்ன வெட்டுப் போட்டு, அதற்குள் கத்தரியை நுழைக்கச் சொல்லுங்கள். நுனி மழுங்கிய கத்தரி பத்து இருந்தால் நாற்பது பேருக்குத் தாராளம்.