அப்பா கையெழுத்துப் போட மறுத்தால்?

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19. நாங்கள் பி.சி. (பிற்பட்டோர்) வகுப்பு. வீட்டில் ஆவணியில் கல்யாணம் என்றார்கள், மாட்டேன் என்றேன். ‘இனி ஒரு பைசா கிடையாது’ என்று சொல்லிவிட்டார் அப்பா. தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் மாதம் 5,500 ரூபாய் கட்டித் தங்கியிருக்கிறேன். சனி, ஞாயிறு ஜெராக்ஸ் கடையில் வேலை. அரசின் புதுமைப்பெண் திட்ட உதவித்தொகை வரும் கணக்கின் ஏடிஎம் கார்டு அப்பாவிடம் இருக்கிறது. ஸ்காலர்ஷிப்புக்கு அப்பாவின் வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியாக இருக்கும் நான் என் பெயரிலேயே அதை வாங்க முடியாதா? அம்மா மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் போன் செய்கிறார்.
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: மகளே, ஒரு கல்லூரியின் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் 27 வருடம் வேலை பார்த்தவள் நான். உன் கடிதத்தைப் படித்ததும், என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. பாஸ்புக் அண்ணனிடம் இருந்தது.

அதனால் முதலில் வங்கி. புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் உனக்கு வருவது, உன் அப்பாவுக்கு அல்ல. பள்ளியில் படிக்கும்போது அப்பாவைக் கார்டியனாகப் போட்டுத் தொடங்கிய கணக்காக இருந்தாலும், 18 வயது முடிந்த பிறகு அவர் அதை இயக்க முடியாது. ஆதாரையும் உன் போனையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போ. மேஜர் ஆகிவிட்டதாக எழுதிக் கொடு, புதுக் கையெழுத்தைப் பதிவு செய். பழைய கார்டை முடக்கிப் புதியது கேள். கணக்கில் உன் செல் நம்பரைப் போடச் சொல்ல மறந்துவிடாதே. அப்பாவின் நம்பர் அப்படியே இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஆதார் வழியாக வரும் உதவித்தொகை, கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்கில்தான் விழும். அது எந்தக் கணக்கு என்றும் அங்கேயே கேட்டுவிடு.

அப்புறம் வருமானச் சான்றிதழ். உன் பெயரில் கேட்டுப் பயனில்லை. கல்யாணம் ஆகாத மாணவிக்குப் பெற்றோரின் வருமானத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். தனியாகத் தங்கியிருப்பதால் அது மாறாது. இது நியாயமில்லை என்றுதான் நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் விதி அதுதான். யாராவது ‘அப்பா இல்லை என்று எழுதிவிடு’ என்று யோசனை சொன்னால் கேட்காதே. அப்படி எழுதிய ஒரு பெண், சரிபார்ப்பில் மாட்டி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வளையலை விற்றாள்.

அதனால் அப்பாவின் வருமானச் சான்றிதழுக்கே இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டு, வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து நிலைமையைச் சொல். பி.சி. ஸ்காலர்ஷிப்புகள் பலவற்றுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. புதுமைப்பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. அதனால் மற்றது கிடைக்காவிட்டாலும் அந்த ஆயிரம் நிற்காது.

உன் பெரிய செலவு அந்த 5,500. பிற்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதியில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025-இல் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ. இடைவெளி வேண்டும் என்ற நிபந்தனை மாணவிகளுக்குப் பொருந்தாது. விடுதிக் காப்பாளரிடமோ கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்டப் பிற்பட்டோர் நல அலுவலரிடமோ விண்ணப்பம் கிடைக்கும். வருடத்தின் நடுவில் காலியிடம் இருக்கிறதா என்றும் கேள். பெற்றோர் கையெழுத்து என்றால் அப்பா மட்டும்தானா? அம்மா போட்டால் ஏற்பீர்களா என்று தைரியமாகக் கேள்.

கல்விக் கடன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 4 லட்சம் வரை அடமானம் இல்லைதான். ஆனால் அதற்கும் பெற்றோர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அரசுக் கல்லூரிப் படிப்புக்கு, சாப்பாட்டுச் செலவுக்காகக் கடனாளி ஆக வேண்டியதில்லை.

இன்னொன்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்துக் குடும்பமானால், தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத, மணமாகாத மகளுக்கு, 18 வயதைத் தாண்டினாலும், தந்தை ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவர். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் இந்த உரிமையை, 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாதே. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போ, அல்லது 15100-க்குப் போன் செய். கேஸ் போடும் முன் அவர்களே அப்பாவைக் கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்வார்களா என்று கேள். கடையை நடத்துபவரோ, சம்பளக்காரரோ, வெளியில் தெரியும் என்றதும் இறங்கி வந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். உன் அப்பாவும் இறங்கி வரட்டும் என்றுதான் மனதார விரும்புகிறேன்.

அடுத்த முறை அம்மா போன் செய்யும்போது, ரேஷன் கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். இ-சேவையில் முதலில் கேட்பது அதைத்தான்.