இரவெல்லாம் ஒரே பாட்டு: மகனின் ஹெட்போனைப் பிடுங்கலாமா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். மூன்று மாதமாக, லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘நம்ப்’ பாட்டை ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்கிறான். வரிகளுக்கு அர்த்தம் தேடிப் படித்தேன். ‘நீங்கள் நினைக்கிற மாதிரியே இருந்து இருந்து சலித்துவிட்டது, மரத்துப் போய்விட்டேன்’ என்கிற மாதிரி வருகிறது. எங்களைத்தான் சொல்கிறானோ என்று பதறுகிறது. பாடியவர் 2017-ல் தற்கொலை செய்துகொண்டார் என்று தெரிந்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. அரையாண்டில் மதிப்பெண் இறங்கிவிட்டது. கேட்டால், “ஒண்ணுமில்லம்மா, சும்மா பாட்டுதான்” என்கிறான். அவன் அப்பா ஹெட்போனைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார். பிறந்தநாளுக்கு அந்தக் குழுவின் பெயர் போட்ட கறுப்பு டி-ஷர்ட் வேறு கேட்டிருக்கிறான். என்ன செய்யட்டும்?

– ஒரு தாய்

அன்புச் சகோதரி,

ஹெட்போன் அவனிடமே இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்ல வராததை இப்போதைக்கு அவனுக்காகச் சொல்வது அந்தப் பாட்டுதான். அதைப் பிடுங்கினாலும் மனசுக்குள் அதே யோசனை ஓடத்தான் செய்யும். உங்களுக்குத்தான் தெரியாமல் போகும்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 2003-ல் வந்த ‘மீட்டியோரா’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. அதைப் பாடிய செஸ்டர் பென்னிங்டன் இறந்தது 14 வருடம் கழித்து, 41 வயதில். சிறுவயதில் நேர்ந்த பாலியல் கொடுமை, போதைப் பழக்கம், மதுவோடு நடந்த போராட்டம் எல்லாவற்றையும் அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். அந்த முடிவை 2003-ல் பாடிய பாட்டுக்குள் தேடுவது சரியல்ல. பாட்டு கேட்டதால் பிள்ளைகள் செத்தார்கள் என்று அமெரிக்காவின் நெவாடாவில் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ராக் குழுமேல் வழக்கே நடந்தது. 1990-ல் நீதிபதி குழுவைப் பொறுப்பாக்க மறுத்துவிட்டார். ஆனால், பிடித்த பாடகர் தற்கொலை செய்துகொண்ட செய்தி, ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற பிள்ளையை அசைத்துப் பார்க்கும். அதனால் அந்தச் சாவைப் பற்றி வீட்டில் பேசாமல் மறைக்காதீர்கள். எப்படி இறந்தார் என்ற விவரத்துக்குள் மட்டும் போக வேண்டாம்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. பாட்டின் பிற்பகுதியில், கோபமெல்லாம் கொட்டிய பிறகு, அந்தப் பிள்ளை எதிரில் இருப்பவரைப் பார்த்து, நீயும் ஒரு காலத்தில் என்னைப் போல யாரோ ஒருவருக்கு ஏமாற்றம் தந்தவர்தானே என்கிறது. திட்டுகிற பாட்டுக்குள்ளேயே பெற்றவர்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. நீங்கள் பேச்சைத் தொடங்க அந்த இடம் போதும்.

அடுத்து, பாட்டு அவனை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதைவிட, கேட்டு முடித்த அரை மணி நேரத்தில் எப்படி இருக்கிறான் என்பது முக்கியம். தோசை கேட்கிறானா, தம்பி தங்கையோடு சண்டை போடுகிறானா, நண்பனுக்கு போன் செய்கிறானா? அப்படியென்றால் பாட்டு அவன் கோபத்தை இறக்கி வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், கனத்த ராக் இசை ரசிகர்கள் 39 பேருக்குக் கோபமூட்டி, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அவர்களின் இசையைக் கேட்கக் கொடுத்தபோது கோபம் ஏறவில்லை. மனநிலை தேறியதாகவே சொன்னார்கள். மாறாக, கேட்ட பிறகு இன்னும் சுருண்டு படுக்கிறான், கிரிக்கெட்டை விட்டுவிட்டான், பிடித்த சாப்பாட்டை வைத்தாலும் முகம் மாறவில்லை என்றால், அசைபோட்டு அசைபோட்டு அதே குழியை ஆழமாக்குகிறான் என்று அர்த்தம். மரத்துப்போவது என்பது அழுகை இல்லை. அழுகிற பிள்ளையைவிட, எதுவுமே தோணலை என்கிற பிள்ளையிடம் நான் அதிகக் கவனமாக இருப்பேன்.

ஒரு நோட்டில் 14 நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், சாப்பிட்டானா, யாரிடம் பேசினான், எதில் எரிந்து விழுந்தான். அந்த வயதில் மனச்சோர்வு சோகமாக வராமல் சிடுசிடுப்பாகவும் வரும். இரண்டு வாரம், பெரும்பாலான நாட்களில், தூக்கம், பசி, கவனம், ஆர்வம் எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள். அதுவும் பிள்ளையைச் சோர்வாக்கும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ கூடுகிறதா என்று கவனித்து உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

பேசுவதற்கு எதிரெதிரே உட்கார வேண்டாம், விசாரணை மாதிரி ஆகிவிடும். பைக்கிலோ, பாத்திரம் துலக்கும்போதோ, பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற நேரம் நல்லது. “அந்தப் பாட்டை எனக்கும் ஒரு தடவை போடேன்” என்று கேளுங்கள். மூன்று நிமிடச் சொச்சம்தான். நடுவில் பேசாமல் முழுக்கக் கேளுங்கள். பிறகு, “இதுல உனக்கு எந்த இடம் பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் இங்கேதான் காரியம் கெடுகிறது: ஒரு நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல், “உனக்கு என்ன குறை வெச்சோம்?” என்று ஆரம்பித்துவிடுகிறோம். அத்தோடு கதவு சாத்திக்கொள்ளும்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாடா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால், கத்தாமல், எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால் அவனைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்திப் பூட்டுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு 1926.

ராத்திரிப் பாட்டுக்கு ஒரு யோசனை. இசைச் சிகிச்சையில், இருக்கிற மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். ‘நம்ப்’ முதலில் இருக்கட்டும். அதன் பின்னால் வேகம் குறைந்துகொண்டே போகும் நாலு பாட்டு. கடைசிப் பாட்டில் வார்த்தையே இல்லாமல் இருந்தால் நல்லது. மொத்தம் 20 நிமிடம், ரிபீட் கிடையாது. பாட்டுகளை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் இளையராஜாவைத் திணித்தால் திட்டம் அங்கேயே முடிந்தது. சத்தம்தான் எனக்கு உண்மையான கவலை. பெரியவர்களுக்கே வாரத்துக்கு 80 டெசிபல் சத்தத்தில் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு. போனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் பொதுவாகப் பாதுகாப்பு.

மதிப்பெண் பேச்சை இந்த இரண்டு வாரம் எடுக்க வேண்டாம் என்று அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். டி-ஷர்ட்டை வாங்கிக் கொடுங்கள். கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்; ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்பான், எதுவும் சொல்ல வேண்டாம்.