ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) கட்டிய தளத்தில் கொப்பரை விலையை மாற்றிய பிறகும் பழைய விலையே வருகிறது. கேஷை (வேகத்துக்காக எடுத்து வைத்த நகலை) முழுசாக அழிப்பது எப்படி?

ஷெல்லில் கேஷ்.கிளியர் ஓட்டியும் ஒரு முறை புது விலை, அடுத்த முறை பழைய விலை என்று மாறி மாறி வருவதாகச் சொல்கிறீர்கள். அந்த மாறி மாறி வருவதிலேயே பதில் இருக்குதுங்க.

செட்டிங்ஸில் கேஷஸ் பகுதியை நீங்கள் எழுதவில்லை என்றால், ஜாங்கோ தானாக லோக்மெம் கேஷை எடுத்துக்கொள்ளும். அது ஒவ்வொரு பிராசஸின் நினைவகத்துக்குள்ளும் தனித்தனியாக இருக்கும். தளத்தை ஓட்டும் சர்வரான குனிகார்னில் 4 வொர்க்கர் பிராசஸ் ஓடினால் 4 கேஷ். நீங்கள் திறந்த ஷெல் ஐந்தாவது பிராசஸ். அழித்தது அதனுடைய கேஷை, அதில் ஒன்றுமே இருந்திருக்காது! இப்போதைக்குக் குனிகார்னை ரீஸ்டார்ட் செய்யுங்கள், சரியாகிவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ரெடிஸுக்கு (தனியாக ஓடும், எல்லோருக்கும் பொதுவான நினைவகச் சேமிப்பு) மாறுங்கள். ஜாங்கோ 4.0 முதல் அதற்கான பேக்எண்ட் கூடவே வருகிறது. எல்லா வொர்க்கரும் ஷெல்லும் ஒரே கேஷைப் பார்க்கும்.

பைகேஷ் ஃபோல்டரை அழிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அதில் இருப்பது கம்பைல் ஆன பைத்தான் கோப்புகள். உங்கள் விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ரெடிஸுக்கு மாறிய பிறகு கேஷ்.கிளியரைத் தொட யோசியுங்கள். கீ பிரிஃபிக்ஸ் (கேஷ் பெயர்களுக்கு முன்னொட்டு) வைத்திருந்தாலும் அது பார்க்காது, அந்த டேட்டாபேஸ் எண்ணில் இருக்கிற எல்லாவற்றையும் துடைத்துவிடும். செஷனையும் (லாகின் விவரம்) கேஷிலேயே வைத்திருந்தால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் லாக்அவுட். செலரி வரிசையும் (பின்னணியில் செய்யக் காத்திருக்கும் வேலைகள்) அதே எண்ணில் இருந்தால் அதுவும் போச்சு. ரெடிஸில் வழக்கமாக 0 முதல் 15 வரை எண்கள் இருக்கின்றன, கேஷ், செஷன், செலரி என்று ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏலம் முடிந்து விரலிக்கும் கிழங்குக்கும் குவிண்டால் விலை தளத்தில் பதிவானதும் கொடுமுடி, சிவகிரிப் பக்கமிருந்து விவசாயிகள் போனில் பார்ப்பார்கள். அங்கே முழு கேஷையும் அழிக்கிற வேலையே கிடையாது. விலை சேமிக்கப்படும் இடத்திலேயே அந்தச் சந்தை, அந்தத் தேதி என்று சேர்த்த ஒரு கீயை மட்டும் கேஷ்.டெலீட் செய்துவிடுகிறோம். ஆனால் அதை டிரான்சாக்‌ஷனின் ஆன்-கமிட்டுக்குள் (டேட்டாபேஸில் மாற்றம் உறுதியான பிறகு ஓடுவது) போட வேண்டும். கமிட் ஆகும் முன்பே அழித்தால், இடையில் வருகிற ஒருவரின் கோரிக்கை பழைய விலையைப் படித்துத் திரும்பவும் கேஷில் வைத்துவிடும். போஸ்ட்-சேவ் சிக்னலை (ஒரு பதிவு சேமிக்கப்பட்டதும் ஜாங்கோ எழுப்பும் அறிவிப்பு) நம்பியிருந்தால் இன்னொன்று: குவெரிசெட்டின் அப்டேட் (பல பதிவுகளை ஒரே அடியில் மாற்றுவது) அந்த சிக்னலை எழுப்பாது. எக்செல்லில் இருந்து மொத்தமாக விலையைப் பதிவேற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

எல்ஆர்யு கேஷ் (ஃபங்ஷனின் விடையை நினைவில் வைக்கும் பைத்தான் வசதி) போட்ட ஃபங்ஷன் ஏதாவது இருந்தால் அதற்கும் தனியாகக் கேஷ்-கிளியர் உண்டு. அதுவும் பிராசஸுக்கு ஒன்றுதான்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு போனில் மட்டும் பழைய விலை என்றால், வியூவில் கேஷ்-பேஜ் (முழுப் பக்கத்தையும் கேஷ் செய்வது) போட்டிருக்கிறீர்களா பாருங்கள். அது நகலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்-ஏஜ் தலைப்பையும் சேர்த்து அனுப்பும், பிரவுசர் தன் நகலையே காட்டிக்கொண்டிருக்கும். சர்வரில் எதை அழித்தாலும் அங்கே எட்டாது. விலைப் பக்கத்தில் அதை எடுத்துவிட்டு, டேட்டாபேஸில் இருந்து வருகிற விலைப் பட்டியலை மட்டும் கேஷ் செய்யுங்கள்.